சுங்கை பாக்குவில் திட்டு விழா

சுங்கை பாக்கு மாவட்ட மன்றத்துக்கு உலகத்தில் எங்காவது ஒரு சகோதர மன்றம் வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பக்கத்து மன்றங்களுக்கெல்லாம் ஜப்பானிலும் கொரியாவிலும் சகோதரர்கள் இருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு, பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சுங்கை பாக்கு மட்டும் மலேசியாவில் சிகாமட் பக்கம் அநாதையாகக் கிடந்தது.

தேடியதில் தென்னாப்பிரிக்காவில் ஒரு கிராமப்புற நகராட்சி அகப்பட்டது. ஜனத்தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கேயும் மாடு நடுரோட்டில்தான் படுக்கிறது. இரத்த பந்தத்துக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அழைப்பு போயிற்று. மன்றத் தலைவர் தங்காக் ஜவுளிக்கடைக்குப் போய்க் கோட்டுத் துணிகூட எடுத்துவிட்டார். பதில் வந்தது: மிக்க மகிழ்ச்சி, நாங்களே முதலில் அங்கு வருகிறோம்.

அந்த நகராட்சியில் பெரும்பாலோர் பேசுவது கோசா மொழி. வரவேற்புரை அந்த மொழியிலேயே இருந்தால் மன்றத்துக்குப் பெருமை என்றார் தலைவர். செயலாளர் ருக்னுதீன் எழுந்தார்.

"தென்னாப்பிரிக்காவுல தமிழர்கள் நிறைய பேர் இருக்காங்க. நம்ம குணாளன் தமிழர். ஆகவே அவரே பேசலாம்."

இதில் ஓட்டை இருப்பதாக யாருக்கும் படவில்லை. குணாளனுக்கு மட்டும் பட்டது. அவர் காப்புறுதி முகவர். தாமான் செம்பாக்கா குடியிருப்பின் மன்ற உறுப்பினர். பதவிக்கு வந்ததிலிருந்து, வருகை எடுக்கும்போது தவிர அந்தக் கூட்டத்தில் அவர் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தவர், "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கோசா என்ற பெயரையே நாக்கைச் சொடுக்கித்தான் தொடங்க வேண்டும். யூடியூப் பார்த்துச் சாப்பாட்டு மேசையில் பயிற்சி நடந்தது.

"எதுக்குங்க சும்மா ச்சு கொட்டுறீங்க? குழம்பு பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க" என்றார் மனைவி சந்திரமதி.

"இது ஒரு மொழி, சந்திரா."

"இதுவா? இந்த மொழியிலதான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்ககிட்ட பேசிட்டிருக்கேன். லோங்காங்கை எப்ப சரி பண்ணுவீங்க?"

தாமான் செம்பாக்காவின் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், அடைத்துக் கிடந்தது. நல்ல மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். உறுப்பினர் வீட்டு ஐஸ்பெட்டியே செங்கல் மேல்தான் நின்றது. குணாளன் கேட்காமல் இல்லை. கேட்கும்போதெல்லாம் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்பார்கள். மன்றத்தின் கவனத்தில் அந்த லோங்காங் பத்திரமாக இருந்தது.

விருந்தினர்கள் வந்தார்கள். நகராட்சித் தலைவி தெம்பேகா, சிரித்தால் மண்டபமே அதிரும் பெண்மணி. குணாளன் மேடையேறி, "மோல்வெனி" என்று வணக்கம் சொல்லி, நாக்கை இரண்டு தடவை சொடுக்கினார். தெம்பேகா துள்ளியெழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோசா மொழியில் வெகுநேரம் பேசினார். குணாளன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"உங்கள் மனைவி எப்போது இறந்தார் என்று கேட்டேன். ஆமாம் என்கிறீர்கள்" என்றார் தெம்பேகா ஆங்கிலத்தில். "பரவாயில்லை. இங்கிலீஷிலேயே பேசுவோம். அது நம் இருவருக்கும் சொந்தமில்லை, வெட்கப்பட வேண்டியதில்லை."

விருந்தில் அவர் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை ஓட்டு விழுந்தது?"

குணாளன் மீன்தலையைப் பார்த்தார். "இங்கே ஓட்டு இல்லை. நியமனம்."

"அப்படியானால் உங்களை யார் திட்டுவார்கள்?"

"மனைவி."

"எங்கள் ஊரில் மாதாமாதம் எங்களை மைதானத்தில் உட்காரவைத்து ஊரே திட்டும். போன தடவை தண்ணீர் வரவில்லை என்று என்னை ஆபீசுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். உங்கள் மக்கள் எப்படித் திட்டுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை."

விருந்தாளியின் ஆசையைத் தட்டலாமா? மன்றம் உடனே திட்டு விழா ஏற்பாட்டுக் குழுவை அமைத்தது. கூடாரம், பதாகை, பிரமுகர்களுக்கு மெத்தை நாற்காலி. திட்ட விரும்புவோர் திட்டுகளை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பை. அதில் கறிபாப் பலகாரமும் மன்றச் சின்னம் போட்ட குடையும்.

குணாளனுக்குள் ஒரு நப்பாசை முளைத்தது. வெளிநாட்டார் முன்னால் நாலு பேர் நறுக்கென்று கேட்டால், மானத்துக்குப் பயந்தாவது லோங்காங்கைத் தோண்டுவார்கள். நேரே வீரமுத்து வீட்டுக்குப் போனார். தாமான் வாட்சப் குழுவில் குணாளனைக் குரல் பதிவில் வறுத்தெடுப்பது இந்த வீரமுத்துதான்.

"அண்ணே, நீங்க வந்து என்னைத் திட்டணும்."

வீரமுத்து கூசிப்போனார். "அலமாக்! மூஞ்சிக்கு நேராவா? நல்லாவா இருக்கும் குணா?"

"நல்லா இருக்கக் கூடாதுண்ணே. அதுதான் வேணும். குழுவுல சொல்றதை அப்படியே சொல்லுங்க."

"சரி லா. உனக்காகத்தான்."

விழா நாளன்று வீரமுத்து புது பாத்தேக் சட்டையில் வந்தார். கையில் ஒரு பெரிய மாலை. ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, கடல் கடந்து வந்திருக்கும் அன்புச் சகோதரி அவர்களே! எங்க தாமான்ல குறைன்னு சொல்ல ஒண்ணுமில்லைங்க. மன்றம் எங்களுக்குத் தாய் மாதிரி..."

கூடாரம் கைதட்டியது. தெம்பேகா குணாளன் பக்கம் குனிந்து, "என்ன சொல்கிறார்?" என்றார். ருக்னுதீன் இன்னொரு ஒலிவாங்கியைக் குணாளன் கையில் திணித்தார்.

குணாளன் எழுந்தார். குரல் நடுங்கியது, ஆங்கிலம் நடுங்கவில்லை.

"லோங்காங் அடைத்திருக்கிறது என்கிறார். மழை பெய்தால் குழந்தைகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு விடிய விடிய விழித்திருக்கிறோம் என்கிறார். எங்கள் உறுப்பினர் குணாளன் ஒரு பிரயோசனமும் இல்லாத ஆள் என்கிறார்."

தெம்பேகா எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் தலைவரும் தட்டினார். ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாத வீரமுத்து, தன் பேச்சுக்குத்தான் இத்தனை மரியாதை என்று கைகூப்பி, ஓடிப்போய் மாலையைத் தலைவர் கழுத்தில் போட்டார். பின்னால் வந்த எல்லாருமே ஒலிவாங்கியில் நன்றி சொல்லிவிட்டுத் தெம்பேகாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும்போது தெம்பேகா குணாளனைத் தனியே இழுத்தார்.

"நன்றாக மொழிபெயர்த்தீர்கள். ஆனால் திட்டுகிறவன் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்குத் தேர்தல் வருகிறது. உண்மையைச் சொல்லுங்கள், இவர்களை எப்படி இவ்வளவு சாதுவாக வைத்திருக்கிறீர்கள்? அந்தப் பையில் என்ன இருந்தது?"

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வெளிநாட்டார் அவரிடம் ஆலோசனை கேட்கிறார். குணாளன் நிமிர்ந்து நின்று, குடையைப் பற்றி விவரமாகச் சொன்னார்.

அடுத்த நியமனப் பட்டியலில் குணாளன் பெயர் இல்லை. திட்டு விழாவில் பதிவான ஒரே புகார் அவர்மேல்தான் என்று ருக்னுதீன் வருத்தத்தோடு விளக்கினார். அந்த இடத்துக்கு, மக்கள் மனத்தை மேடையில் அழகாக எடுத்துரைத்த வீரமுத்து நியமிக்கப்பட்டார். பதவியேற்புக்குத் தாமானே வேன் பிடித்துப் போனது. குணாளனும் போனார். புதிய உறுப்பினருக்கு வாழ்த்துச் சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். லோங்காங்கைப் பற்றிக் கேட்டே தீருவது என்று ஏறியவர், முன்வரிசையில் அத்தனை பேரும் சிரித்த முகமாகத் தன்னைப் பார்ப்பதைக் கண்டார்.

"மாண்புமிகு வீரமுத்து அவர்களே..." என்று ஆரம்பித்தார். அருமையாகப் பேசினார் என்று எல்லாரும் சொன்னார்கள்.