தோற்கப் பழக்கிய பெட்டி அண்ணை

உண்மை பேசியே ஆட்களை இழந்தவர்களுக்கு மொன்றியலில் ஒரு போட்டி வைத்தால், முதல் பத்து இடங்களும் பெட்டி அண்ணைக்கே போகும். டவுன்டவுனில் நான் படித்த கல்லூரியின் நூலக நிலவறையில், பழைய கடதாசிகள் அடைத்த அட்டைப் பெட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். சொந்தப் பெயர் அறைக் கதவில் எழுதியிருந்தது. அந்தக் கதவுவரை யாரும் போனதில்லை.

ஒரு விருந்தில், "இருபத்தைந்து வருசமாச் சண்டையே பிடிக்காத சோடி" என்று ஒருவர் மைக்கில் புகழ்ந்துகொண்டிருந்தார். அண்ணை எழும்பினார். "பிழை. தொண்ணூற்றேழிலை பிடிச்சவை. நான் பக்கத்து வீடு."

இரண்டாயிரங்களின் நடுவில், நூறு வருடத்துக்கும் முந்திய தன் ஃபுட்போல் அணியின் முதல் பருவத்தைக் கொண்டாடக் கல்லூரிக்கு ஆசை வந்தது. ஒரு குழு அமைந்தது. அதற்கொரு துணைக்குழு. துணைக்குழு என்ன செய்கிறது என்று பார்க்க மூன்றாவது குழு. 'தோல்வியே காணாத முதல் அணி' என்று பித்தளைப் பலகையில் பொறிக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அண்ணையிடம் ஆதாரம் கேட்டார்கள்.

ஒரே கிழமையில் கொடுத்தார். மூன்று ஆட்டம், இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. தோற்ற காரணம்: கடைசிப் பத்து நிமிடத்தில் ஏழு பேர் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"அந்தக் கடதாசி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே" என்றார் விழாத் தலைவி, புன்னகையோடு.

"கிடைத்துவிட்டதே" என்றார் அண்ணை.

விழா நாளில் அந்தப் பருவத்தின் ஓர் ஆட்டத்தை அப்படியே ஆடிக்காட்டுவதாகத் திட்டம். ஹெல்மெட், கவசம் எதுவும் வராத காலத்து ஆட்டம் என்பதால், கல்லூரியின் உண்மையான வீரர்களைக் காப்புறுதி நிறுவனம் விடவில்லை. தமிழ் மாணவர் சங்கத்துக்கு ஏதாவது ஆனால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்களையே இறக்கினார்கள். கால் நீளம் என்பதால் நான் கப்டன்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பூங்காவில் பயிற்சி; பழைய விதிகள் தெரிந்தவர் அண்ணை மட்டுமே என்பதால் பழக்கியவரும் அவரே. கம்பளிக் காலுறையும் தொப்பியுமாக, முட்டை வடிவப் பந்தைக் கட்டிப்பிடித்து ஓட வேண்டும். முன்னால் எறியக் கூடாது.

"ஃபுட்பால்னு சொல்றீங்க, எல்லாத்தையும் கையாலயே பண்றோமே, கால் எதுக்குண்ணா?" என்றான் சென்னையிலிருந்து வந்த கார்த்திக்.

"ஓடத்தான்" என்றார் அண்ணை. பிறகு, தோற்ற ஆட்டத்தையே தெரிந்தெடுத்து, தோற்கப் பழக்கினார். "தம்பிமார், கடைசிப் பத்து நிமிசம் ஏழு பேர் சாப்பிடப் போக வேணும். விளங்குதோ?"

"நான் போறேண்ணா!" கார்த்திக்கின் கை முதலில் உயர்ந்தது.

விழாத் தலைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "குழு உங்களிடம் வெற்றியை எதிர்பார்க்கிறது" என்றார். விழாவன்று, ஆட்டம் முடியும்வரை சாப்பாட்டுக் கூடாரத்தையும் பூட்டிவைத்தார். ஒருவராலும் சாப்பிடப் போக முடியவில்லை. வரலாறு பசியோடு மைதானத்தில் நின்றது.

கடைசி நிமிடத்தில் எதிரணி ஒரு புள்ளி முன்னால். பந்து என் கைக்கு வந்தது. ஓடினேன். ஓரக் கோட்டை ஒருதரம் மிதித்தேன்; மிதித்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது என்பது விதி. ஒருவரும் காணவில்லை. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தபோது முழங்கால் கிழிந்தது. விசில் ஊதியது. வென்றுவிட்டோம்! விழாத் தலைவி துள்ளினார்.

எனக்கு ஒரே ஒரு பயம். அண்ணை கண்டிருப்பார். என் கலியாணத்தில் மைக் பிடித்துச் சொல்லாமல் விடமாட்டார். நடுவரிடம் போனேன். "கோட்டை மிதித்துவிட்டேன், ஐயா." தோற்றோம்.

நொண்டிக்கொண்டு அண்ணையிடம் வந்தேன். "நான் மிதிச்சதைப் பாத்தனீங்கள்தானே அண்ணை?"

"இல்லையே. நீர் வெல்லப்போறீர் எண்டு விளங்கிச்சு. பாக்கேலாமல் மற்றப் பக்கம் திரும்பி நிண்டனான்." சற்று நேரம் என்னையே பார்த்தார். "அப்ப நீராவே சொன்னனீரோ?"

அண்ணை தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து என் முழங்காலில் கட்டினார்.

குழு மூன்றுதரம் கூடி, பலகையை 'மறக்க முடியாத முதல் பருவம்' என்று மாற்றியது.

ஆட்டம் நடந்த அன்றைக்கே அண்ணை என்னைச் சென்ட் லோரன்ட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய், "உங்கடை மகன் தோத்திட்டார்!" என்று அப்பாவிடம் அறிவித்தார், மெடிசின் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்பதுபோல. அப்பா என் காதில், "ஆளுக்குச் சுகமில்லையோ?" என்றார். அம்மா சோறு போட்டா. அண்ணை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூட" என்றார்.

பஸ் தரிப்பிடம்வரை நொண்டி நொண்டி அவரோடு நடந்தேன். இரண்டு பேரும் அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்தோம். பஸ் வந்து நின்றது, அண்ணை எழும்பவில்லை.

"அது என்ரை பஸ் இல்லை, தம்பி" என்றார்.

அந்தத் தெருவில் ஓடியது ஒரே ஒரு பஸ்தான். நான் திருத்தவில்லை.