இன்னும் ஒரு 'சரி'

டெல்லா சட்டைக்குள் ஒட்டிக்கொண்டு போன ஒலிப்பதிவுக் கருவியில் எட்டு நிமிடம் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"என்னம்மா இது?" என்றார் புலனாய்வு அதிகாரி ஹால்வர்சன். "இந்த ஆரிகன் மாநிலத்துல மழை பெய்யுதுன்னு கண்டுபிடிக்கவா உன்னை அனுப்பினேன்?"

"சார், அப்பதான் எல்லாரும் சம்மதிச்சாங்க! மரம் வெட்டுற கம்பெனி லாரியைக் கொளுத்தலாமான்னு கேட்டேன். விரலை ஆட்டினாங்க. அந்த வீட்டுக் கூட்டத்துல யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. எல்லாம் விரல்தான்."

"அப்போ நீதிபதி முன்னாடி நான் விரலை ஆட்டவா?"

டெல்லாவுக்கு இருபத்துமூன்று வயது. போதை மாத்திரை விற்று மாட்டிக்கொண்டவள். ஐந்து வருடச் சிறையா, வீடா என்பது ஹால்வர்சன் கையில் இருந்தது. காட்டைக் காக்கிறோம் என்று யூஜீன் நகரில் ஒரே வீட்டில் வாழும் நான்கு பேரைச் சதிகாரர்களாக்கிக் கொடுத்தால் அவள் வழக்கு காணாமல் போய்விடும். யோசனை அரசாங்கத்துடையது. பெட்ரோல் அரசாங்கத்துடையது. லாரி நிற்கும் இடத்தின் வரைபடமும் அரசாங்கமே வரைந்தது. குற்றவாளிகள் மட்டும்தான் பாக்கி.

அடுத்த கூட்டத்தில், "வாயைத் திறந்து சொல்லுங்களேன்," என்று கெஞ்சினாள்.

கூட்டத்தை நடத்திய ஜூனிப்பர், காட்டு மரத்தின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டவள், புருவத்தை உயர்த்தினாள். "சத்தமா பேசறவங்க ராஜ்யம் வேணாம்னுதானே விரலை வச்சிருக்கோம், தோழர்? அதான் போன வாரமே வேணாம்னு சொல்லிட்டோமே."

"எங்க சொன்னீங்க? ஆட்டினீங்களே!"

"விரல் கீழ பார்த்து ஆட்டினோம். மேல பார்த்து ஆட்டினாத்தான் சரி. ஆறு மாசமா எங்க வீட்டுச் சோயாப் பாலைக் குடிக்கிறே, இதுகூடத் தெரியலையா?"

கூட்டம் சூடு பிடிக்கட்டும் என்று டெல்லா ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது பெரிய தப்பாகப் போயிற்று. முட்டை, தேன்கூடத் தொடாதவர்கள் அவர்கள்.

"ஐயோ, குச்சி மருந்துல மாட்டெலும்புப் பசை இருக்கு!" என்று ஒருத்தி அலறினாள். அப்புறம் லாரியை யார் நினைத்தார்கள்? மூன்று மணி நேரம் பசையைப் பற்றியே பேசினார்கள்.

ஹால்வர்சன் பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்புப் பசை கலக்காத தீக்குச்சி வேண்டும் என்று தலைமையகத்துக்கு மனுப் போட்டார். மூன்று மேலதிகாரிகளின் கையெழுத்தோடு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. டெல்லா அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஜூனிப்பர் உருகிவிட்டாள்.

"எங்களுக்காகவா இவ்வளவு அலைஞ்சே?" என்று டெல்லாவைக் கட்டிப்பிடித்தாள். பெட்டியைக் கொண்டுபோய்ச் சமையலறை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"லாரியைக் கொளுத்தலாம், வாங்களேன்!" என்று டெல்லா அழுதேவிட்டாள். நடிப்பில்லை. கண்ணுக்குள் சிறைக் கதவு தெரிந்தது.

அந்த வீட்டின் தாடிக்காரன் ரிவர், யார் அழுதாலும் தாங்காதவன், அவள் தோளைத் தொட்டான். "அழாத டெல்லா. உனக்கு அவ்வளவு முக்கியம்னா... சரி, நானும் வர்றேன். கொளுத்திடலாம்." வாயாலேயே சொன்னான். விரலையும் மேலே நீட்டி ஆட்டினான்.

மறுநாள் காலை அந்த ஒலிப்பதிவைக் கேட்ட ஹால்வர்சன் தலையில் கை வைத்தார்.

"ஒருத்தன்தானா? சதின்னா ரெண்டு பேராவது கூடணும்மா."

"நானும் அவனும் ரெண்டு பேர்தானே சார்?"

"நீ அரசாங்க ஆளு. உன்னைச் சேர்த்தா கோர்ட்டே சிரிக்கும். போய் இன்னொரு 'சரி' வாங்கிட்டு வா. இல்லைன்னா ஜெயிலுக்குத் துணிமணி எடுத்து வை."

"முடியாது சார்!" டெல்லா வெடித்தாள். "அவங்கள்ல யாரும் கொளுத்துற ஆளே இல்ல. ஆறு மாசமா அந்த வீட்டுல கொளுத்தணும், கொளுத்தணும்னு கத்தின ஒரே ஆள் நான்தான்!"

கோப்புகளைச் சுமந்துகொண்டு எழுத்தர் பிளான்ச் அம்மாள் உள்ளே வந்தார். மேலே இருந்தது டெல்லா அரசாங்க ஆளாக வேலை செய்யும் ஒப்பந்தம். புதுப்பிக்கும் இடத்தில் கையெழுத்துப் போட ஹால்வர்சன் பேனாவைத் திறந்தார்.

பிளான்ச் அம்மாள் காகிதத்தை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க சார், இந்தப் பொண்ணோட ஒப்பந்தம் போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சுபோச்சு, நேத்து கொளுத்தலாம்னு சொன்னது அரசாங்கம் இல்ல, உங்க ரெண்டாவது ஆளு."