படத்திறப்பில் உயிரோடு இருந்தவர்

துக்கத்தில் இருப்பவர்கள் கையில் பென்சிலைக் கொடுக்கலாம், தப்பில்லை. கூடவே பக்கத்து வீட்டுக்காரரைக் கொஞ்ச நாள் வெளியூருக்கு அனுப்பிவிட வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் ஷிப்டுக்குச் சுரங்கத்துக்குப் போன அப்பா, நெஞ்சுவலி வந்து அன்றைக்கே போய்விட்டார். குவார்ட்டர்ஸில் நானும் அம்மாவும்தான். அம்மா அழவில்லை, பேசவும் இல்லை. எனக்கோ கை நடுக்கம் நிற்கவில்லை. ஆறாம் நாள் செல்போனில் படம் வரையச் சொல்லித்தரும் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. ஒரு டம்ளரை வரைந்தேன். நடுக்கம் நின்றது. அடுத்து அப்பாவின் ஹெல்மெட்டை வரைந்தேன். அச்சு அசலாக வந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்து அழுதார்கள். (அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஹெல்மெட்டுக்கு மூக்கு கிடையாது என்பதை யோசிக்கவில்லை.)

பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு. அடையாள அட்டையில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிவிடலாம் என்றார் பெரியப்பா. அதில் அப்பாவுக்குக் கண் பாதி மூடியிருக்கும். நானே வரைகிறேன் என்று அடம்பிடித்தேன். அந்த முகத்தைப் பார்த்தாவது அம்மா வாய்விட்டு அழட்டும் என்பதுதான் என் எண்ணம்.

சின்ன போட்டோவில் மூக்கோரத்து நிழல் தெரியவில்லை. உயிருள்ள ஆளைப் பார்த்து வரையுங்கள் என்று வீடியோக்காரர் சொன்னார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்வராசு மாமா அப்பாவோடு வருஷக்கணக்கில் ஒரே ஷிப்டு பார்த்தவர். அதே வயது, அதே மீசை. தினமும் நாலு மணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அப்பா இவருடைய டிபன் பாக்ஸிலிருந்து அவித்த முட்டையை எடுத்துத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நின்றதையெல்லாம் சொல்வார். அந்த ஒரு மணி நேரம் அப்பா செத்துப்போனதே எனக்கு மறந்துவிடும். பேப்பரில் யார் வருகிறார் என்பதும் மறந்துவிட்டது.

காரியத்தன்று காலை, படத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தும்போதுதான் காதைக் கவனித்தேன். அப்பாவுக்குக் காது தலையோடு ஒட்டியிருக்கும். படத்தில் விடைத்துக்கொண்டு நின்றது. பெரியப்பாவிடம் ஓடி, இந்தப் படம் வேண்டாமே என்றேன். பந்தல் நிறைய ஆள் உட்கார்ந்தாச்சு, இப்போது என்ன பேச்சு என்று அதட்டினார். முதல் வரிசையில் செல்வராசு மாமா சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கல்யாணி அத்தை.

பெரியப்பா துணியை எடுத்தார். கண் கலங்கியிருந்ததால் படத்தைச் சரியாகப் பார்க்காமலே மாலையைப் போட்டார். கற்பூரமும் ஏற்றினார்.

ஒருவரும் அழவில்லை. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு முதல் வரிசையைப் பார்த்தார்கள். மறுபடி படத்தை. மாமா மெதுவாகத் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அத்தையின் கை தாலிக்குப் போனது. அவர் முகம் வெளுத்தது. உயிரோடு இருக்கும் மனிதருக்கு, அவர் பெண்டாட்டி கண்ணெதிரிலேயே மாலை போட வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பதினாறு நாளாகப் பேசாத அம்மா வாயைத் திறந்தாள்.

“ஏண்டி, செல்வராசு அண்ணனுக்கு எதுக்கு மாலை போட்டு வச்சிக்கினு இருக்க? அவருதான் எதிர்லயே குந்திக்கினு இருக்காரே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அப்படியே அழுகையாக மாறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா பேரைச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அவமானத்துக்குக் கொஞ்சம், அப்பாவுக்கு மிச்சமெல்லாம்.

கல்யாணி அத்தை மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாமாவையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். கண் பாதி மூடிய அடையாள அட்டை போட்டோவுக்கே மாலை விழுந்தது.

இன்றும் வரைகிறேன். மனசு கனக்கும்போது அதுதான் துணை. அப்பா முகம் மட்டும் இதுவரை கைக்கு வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் அப்பா திதியன்று காலையில் செல்வராசு மாமாவிடமிருந்து போன் வரும். அம்மா ஸ்பீக்கரில் போடுவாள்.

“மாலை யாருக்குப் போட்டிருக்குன்னு ஒரு தபா பாத்துச் சொல்லும்மா. அப்பறமா சாப்புட வரேன்.”