என் பேரன் பயந்து நின்றான் என்று போட்டது பற்றி

ரியோம்,
14 செப்டம்பர் 1964

மதிப்பிற்குரிய பத்திரிகாசிரியர் திரு. பெலிசியே அவர்களுக்கு, ஒதீல் வெர்தியே எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்து, வீட்டம்மாவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் பத்திரிகைதான் சுகமாக இல்லை.

விளையாட்டுப் பக்கத்தில் காஸ்பார் என்று ஒருவன் எழுதுகிறானே, அவன் நேற்று நடந்த கார் பந்தயத்தைப் பார்த்தானா, சாப்பாட்டுக் கொட்டகையில் ஒயினைப் பார்த்துக்கொண்டிருந்தானா? "அன்செல்ம் வெர்தியே கொடி விழுந்ததும் பயந்து நின்றுவிட்டார்" என்று போட்டிருக்கிறான். என் பேரனா பயந்தான்? நான்கு வயதில் தாத்தாவின் பாலாடைக்கட்டி வண்டியில் ஏறி, பிரேக்கை எடுத்துவிட்டு, சரிவில் தேவாலய வாசல் வரைக்கும் போனவன். பாதிரியார்தான் துள்ளிக் குதித்தார், இவன் குதிக்கவில்லை. பதினெட்டு வயதில் மலைப் பந்தயத்தில் வளைவைத் தவறவிட்டு, உருளைக்கிழங்கு வயலுக்குள் இறங்கி, வயல் வழியாகவே மறுபடி பாதைக்கு வந்து மூன்றாவதாக முடித்தவன். அந்தக் கோப்பையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன், காஸ்பார் வந்து பார்க்கட்டும். போன வருஷம் காரோடு இரண்டு குட்டிக்கரணம் போட்டுத் தோள் எலும்பு உடைந்து வந்து, "பாட்டி, இன்னும் கொஞ்சம் சூப் இருக்கா?" என்று கேட்டவன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பார்க்காததை எழுதக்கூடாது என்பதை அதற்குள்ளேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். காஸ்பார் எந்தக் கல்லூரியில் போய் அதை மறந்தானோ!

நடந்தது இதுதான். ஓட்டுகிறவர்கள் பாதைக்கு இந்தப் பக்கம், வண்டிகள் அந்தப் பக்கம். கொடி விழுந்ததும் ஓடிப்போய் ஏற வேண்டுமாம். எந்தப் புத்திசாலி வைத்த வழக்கமோ! நேற்றுக் காலை நல்ல குளிர். இவன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, வேலியோரத்திலிருந்து கத்தினேன்: "டேய் அன்செல்ம்! உள்ள கம்பளி பனியன் போட்டியாடா?"

நடுப்பாதையில் நின்று திரும்பினான். "போட்டுட்டேன் பாட்டி!"

"பொய் சொல்லாத!"

"சத்தியமா பாட்டி!" என்று பொத்தானை அவிழ்த்தே காட்டினான். அதற்குள் மற்ற வண்டிகளெல்லாம் கிளம்பிவிட்டன. பெரியவர்கள் கேட்டால் நின்று பதில் சொல்கிற பிள்ளை. இதற்குப் பெயர் பயமா? மரியாதை. காஸ்பாருக்கு அந்தச் சரக்கு பழக்கமில்லை.

வண்டி முதலாளி மொர்வான் வியாழக்கிழமை அடுத்த வருஷத்துக்கு ஆள் எடுக்கிறார். பயந்தாங்கொள்ளி என்று அச்சில் வந்தவனை நம்பி எவர் வண்டி கொடுப்பார்? ஆகவே புதன்கிழமைக்குள் முதல் பக்கத்தில், பனியனோடு சேர்த்து, முழு உண்மையையும் போட வேண்டும். இல்லையென்றால் உங்கள் பத்திரிகையைக் கோழிக்கூண்டில்கூட விரிக்கமாட்டேன்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் என் ஆசிகள். காஸ்பாருக்குக் கிடையாது.

ஒதீல் வெர்தியே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அன்செல்ம் வந்து இதைப் படித்துவிட்டான். முகம் தக்காளியாகிவிட்டது. "பாட்டி, பயந்துட்டேன்னு காஸ்பார்கிட்ட சொன்னதே நான்தான். வண்டிங்க விட்ட புகையில வேற யாருக்கும் ஒண்ணும் தெரியல. மொர்வான்கிட்டயும் அதையே சொன்னேன். 'நானும் வண்டி ஓட்டுன காலத்துல ஒரு தடவ பயந்து நின்னவன்தான்டா, வியாழக்கிழம வந்து கையெழுத்துப் போடு'ன்னு தட்டிக்கொடுத்தாரு. பனியன் காட்ட நின்னேன்னு தெரிஞ்சா அந்த ஆளு தள்ளுவண்டிகூடத் தரமாட்டாரு" என்கிறான். வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். என் பேரன் பயந்தாங்கொள்ளிதான், நானே பார்த்தேன். காஸ்பார் எழுதியதில் எழுத்து சின்னதாக இருக்கிறது. புதன்கிழமை அதையே பெரிய எழுத்தில் இன்னொரு தடவை போடவும்.