தெளிந்த தண்ணீரில் பூஜ்யம்

படிக்காத கையேட்டைக் கரைத்துக் குடித்தவன்போல் முகத்தை வைத்துக்கொள்வது எனக்கு எளிதாக வரும். தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில், அந்த முகத்தால் என் வேலை போகப் பார்த்தது.

நீரோட்டம் அளக்கும் கருவிகளை விற்கும் சிறு கம்பெனியில் தகுதிகாண் பணியில் இருந்தேன். சோப்புக்கட்டி அளவு உணரி ஒன்றை வாய்க்காலின் தரையில் பொருத்த வேண்டும். அது தண்ணீருக்குள் ஒலியலை அனுப்பும். திரும்பி வரும் அலையைக் கொண்டு, கரையிலுள்ள பெட்டி நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும். பாசன இன்ஜினியர் மேடம் நேரில் பார்த்துத் திருப்தியானால் கம்பெனிக்கு ஆர்டர், எனக்கு வேலை நிரந்தரம். (இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, நாகர்கோவில்காரரான மேனேஜர் கோலப்பன் அன்போடு விளக்கியிருந்தார்: "கரமனைல உங்க வீட்லயே இருந்துக்கிடலாம் டே.")

பெரிய அதிகாரி வருகிறார் என்றால் நம் ஆட்கள் சுத்தம் செய்வார்கள். நானும் செய்தேன். முந்தின நாளே பாசியைச் சுரண்டி, குப்பையை வாரினேன். அன்று காலை, வாய்க்காலில் சற்று மேலே துணி துவைக்க வந்த தங்கம்மா அக்காவையும் தடுத்தேன்.

"ஒரு மணிக்கூர் பொறுங்கக்கா, மேடம் வராங்க."

"மேடம் குளிக்கவா வாறாவ?" அக்கா துணிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. தரையில் கிடந்த ஐம்பது பைசாவில் சிங்கத் தலைகள் மூன்றும் தெரிந்தன.

மேடம் வந்தார். பெட்டியை இயக்கினேன். பூஜ்யம். அணைத்துவிட்டு மறுபடி இயக்கினேன். பூஜ்யம், இந்த முறை இன்னும் தெளிவாக.

மேடம் ஓர் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அது எங்களைக் கடந்து விரைந்தது.

"இல போயல்லோ. மீட்டர் மாத்ரம் உறக்கமா?" என்று மலையாளம் கலந்து கேட்டார்.

"பெட்டியத் தட்டிப் பாருலே," என்று கோலப்பன் என் காதில் சீறினார். தட்டினேன். (அத்தோடு என் தொழில்நுட்ப அறிவு தீர்ந்தது.) மேடம் ஜீப்பை நோக்கி நடந்தார்.

"அவிய போயாச்சுல்லா, இனி எனக்கென்ன?" என்று தங்கம்மா அக்கா தண்ணீரில் இறங்கி, ஒரு ஜமுக்காளத்தை அடிக்கத் தொடங்கினார். நுரையும் சேறும் கலங்கி உணரியின் பக்கம் வந்தன. பெட்டி விழித்துக்கொண்டது. எண்கள் ஏறின.

"மேடம்! மேடம்!" என்று செருப்பில்லாமல் ஓடினேன்.

உணரி அனுப்பும் ஒலி, தண்ணீரில் மிதந்து வரும் தூசியிலும் குமிழியிலும் பட்டுத்தான் திரும்பும். மிகத் தெளிந்த நீரில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. நான் புரட்டாத பக்கத்தில் இதைக் கட்டம் கட்டியே போட்டிருந்தார்கள். விஷயம் புரிந்ததும் மேடம் என்னைப் பார்த்தார்.

"நீயாணோ க்ளீன் செய்தது?"

"ஆமா மேடம்."

"சாரமில்ல, பரவால்ல. நம்ம கனாலை வேற ஆரும் க்ளீன் செய்ய மாட்டா. மீட்டர் நல்லா ஓடும்."

ஆர்டர் வந்தது. வேலை நிலைத்தது. ஆனால் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது தவறு. இன்றைக்கும் விருந்தாளி வருகிறார்கள் என்று நான் தரையைத் துடைத்தால், "ரொம்பத் துடைக்காதீங்கோ, பூஜ்யம் காட்டும்" என்கிறாள். போன மழைக்கு, நான் துடைத்துவிட்ட ஈரத் தரையில் சேற்றுக்காலோடு கூடத்தைக் குறுக்கே கடந்த மகளை அதட்டினேன். அவள் நிற்கவே இல்லை.

"ரீடிங் வரட்டும்னுதான்ப்பா."