எண்ணெய் டின் மேல் ஒரு மரபணுச் சொற்பொழிவு

மைக் கையில் இல்லாதவரைக்கும் நான் நல்ல மனிதன்தான். நாற்காலி எடுத்துப் போடுவேன், பாயசம் பரிமாறுவேன், மற்றவர்கள் பேசும்போது தலையாட்டுவேன். மைக்கைக் கொடுத்துவிட்டால் போதும், உலகத்தைத் திருத்துகிற பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பொறுப்பு கடைசியாக வந்து உட்கார்ந்த இடம், லோத்குண்டாவில் எங்கள் அபார்ட்மென்டின் செல்லார். (கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தை ஹைதராபாதில் செல்லார் என்பார்கள். கார்களை வெளியே நகர்த்தி நாற்காலிகளைப் பரப்பினால் அதுவே விழா மண்டபம், யோகா வகுப்பு, சண்டை போடுகிற பொதுக்குழு.)

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? இத்தனை வருஷத்தில் தெலுங்கு பேசக் கற்றுக்கொண்டேன். (காய்கறிக்காரர் சிரிப்பார், ஆனால் கேட்ட காயைக் கொடுத்துவிடுவார்.) படிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலம் இருக்கும்போது அது எதற்கு என்ற திமிர்.

அந்த வருஷம் டாக்டர் ஒருவர் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். வேறு யாராக இருந்தாலும் இனிப்பைக் குறைத்திருப்பார்கள். நான் இனிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கோபத்தை மட்டும் உணவு உலகத்தின் பக்கம் திருப்பினேன். அப்போது மாட்டியதுதான் மரபணு மாற்றிய பயிர். மண்ணில் இருக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிரியின் மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைக்கிறார்களாம், அந்தச் செடியைக் கடித்த புழு செத்துப்போகிறதாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கத்தரிக்காயைப் பார்த்தாலே எனக்கு அது என்னைத் திருப்பிப் பார்ப்பது போல இருந்தது. போனில் வந்த வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்தபோது, விஞ்ஞானிகளுக்கு நான் சில யோசனைகள் சொல்லலாம் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

இதே காலத்தில் என் மனைவி கோமதி ஓசைப்படாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். ஊரில் டீச்சராக இருந்தவள். இங்கே வந்தபின் வேலை அமையவில்லை. வீட்டில் முறுக்கு சுட்டு அக்கம்பக்கத்துக்கு விற்க ஆரம்பித்தாள். அவள் முறுக்கை வாயில் போட்டால் சத்தம் பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கும், ஆனால் பல் வலிக்காது.

எங்கள் சங்கச் செயலாளர் தேவராஜ் ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்திலேயே மெட்ராஸில் இருந்து சிகந்தராபாத் வந்துவிட்ட குடும்பம். அவர் தமிழில் பாதி தக்கணி, அதாவது ஹைதராபாத் உருது. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "சங்கராந்திக்கு வருஷா வருஷம் பஜார்க் கடை சகினாலுதான் எல்லா வீட்டுக்கும் தர்றோம். இந்தத் தடவை உங்க முறுக்கு வெச்சுக்கலாம்மா. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எல்லாரும் தின்னு பாக்கட்டும், அங்கயே முடிவு பண்ணிடலாம்" என்றார். (சகினாலு என்பது அரிசி மாவில் வளையம் வளையமாகச் சுடுகிற தெலங்கானாப் பலகாரம்.) இத்தனை பெரிய ஆர்டர் கோமதிக்கு அதுவே முதல் முறை.

அதே ஞாயிற்றுக்கிழமை மாதாந்திர விழிப்புணர்வு உரையும் இருந்தது. போன மாதம் முழங்கால் வலி, அதற்கு முந்தின மாதம் கேஸ் சிலிண்டர். இந்த மாதத்துக்கு யாரும் சிக்கவில்லை என்று தேவராஜ் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"இந்தாருங்க, அன்னைக்கே நீங்க பேசணுமா?" என்றாள் கோமதி. "வந்தவங்க தின்னுட்டுச் சந்தோசமாப் போட்டுமே."

"உணவைப் பத்தித்தான் பேசப் போறேன். உன் முறுக்குக்கு இதைவிட விளம்பரம் வேணுமா?"

"எனக்கு விளம்பரம் வேண்டாம், ஆர்டர் போதும். இது மட்டும் கெடச்சிட்டுன்னா, நானும் ஒரு தொழில் பண்ணுதேன்னு தைரியமாச் சொல்லிக்கிடுவேன்."

எதையும் ஆசைப்பட்டுக் கேட்டுப் பழக்கமில்லாதவள். அந்தக் குரலில் இருந்த ஆசை எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டும் நான் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஸ்லைடுகளைத் தயாரித்தது எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் நிலா. தக்காளிக்குக் கோரைப்பல் வரைந்து கொடுத்தாள். தலைப்பில் "நன்மைகளும் கவலைகளும்" என்று போட்டிருந்ததால் நன்மைக்கும் ஒரு ஸ்லைடு வைத்திருந்தாள்: பூச்சிமருந்து அடிப்பது குறையும், பயிர்ச்சேதம் குறையும், அரிசியில் வைட்டமின் சேர்க்கலாம். நான் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு? பேச்சோட வேகம் குறையும், எடுத்துடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செல்லாரில் புரொஜெக்டரை ஸ்டூல் மேல் வைத்தால் படம் சுவரின் அடிப்பாகத்தில் விழுந்தது. உயரம் வேண்டும். மேலே ஓடிப்போய், அடுக்களைக்கு வெளியே கிடந்த காலி எண்ணெய் டின்னை எடுத்துவந்து ஸ்டூல் மேல் நிறுத்தி, அதன் மேல் புரொஜெக்டரை வைத்தேன். கச்சிதம். அந்த டின் எனக்குப் புதிதல்ல. நிறைய எண்ணெயோடு காரிலிருந்து மாடிக்குச் சுமந்தவனே நான்தான். அதன் மேல் பெரிதாகத் தெலுங்கு எழுத்து, கூடவே வெள்ளையாகப் பொரிந்த மாதிரி ஒரு படம். பாப்கார்ன் பொரிப்பதற்கும் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். எழுத்தும் படமும் சபையைப் பார்த்தபடி இருந்தன.

நான் பேச ஆரம்பிக்கும் முன்பே கோமதி தட்டுத் தட்டாக முறுக்கைச் சுற்றில் விட்டிருந்தாள். எல்லார் வாயிலும் நொறுக் நொறுக் சத்தம். இரண்டாம் தட்டு கேட்டார்கள். தேவராஜ் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் மட்டும் அப்போது மயங்கி விழுந்திருந்தால் ஆர்டர் கையில் வந்திருக்கும்.

விழவில்லை. பேசினேன். ஆங்கிலத்தில் தொடங்கி, உணர்ச்சி பொங்கிய இடங்களில் தெலுங்கு. விதைக்காக விவசாயி வருஷா வருஷம் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும் என்றேன். பூச்சி பழகிக்கொண்டால் அப்புறம் என்ன செய்வீர்கள் என்றேன். பக்கத்து வயலுக்கு மகரந்தம் பறந்தால் யார் பொறுப்பு என்று எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற வங்கி மேலாளரைப் பார்த்துக் கேட்டேன். அவர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து பளபளவென்று ஒரு குண்டுக் கத்தரிக்காயை எடுத்து உயர்த்தி, "இதோ, அந்த அரக்கன்!" என்றேன்.

"அங்கிள், அது சாதா ஒட்டுரகம்" என்று ஒரு குரல் வந்தது. மூன்றாம் மாடி சைலஜா. விதை ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிற பெண் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "மரபணு மாத்தின கத்தரிக்காயை நம்ம நாட்டுல விக்க இன்னும் அனுமதியே இல்ல, அங்கிள்."

சபை சிரித்தது. கத்தரிக்காயை மெதுவாகக் கீழே வைத்தேன்.

தேவராஜ் எழுந்தார். "ஹவ் சார், நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா அந்த மாதிரி சாமான் நம்ம இப்போ எதைத்தான் தின்றோம்? அரிசி கிடையாது, கத்தரிக்காய் கிடையாது. கைக்கு இவ்ளோ டென்சன்?" (தக்கணியில் ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு.)

இந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. இழந்த மானத்தை ஒரே வீச்சில் மீட்கிற பதில். மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோனேன்.

"டாடி, நக்கோ" என்றாள் நிலா, லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து. வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க் குழந்தைகளின் சொல் அது. கண்ணால் டின்னைக் காட்டினாள். புரொஜெக்டர் சாய்கிறது போலும் என்று நினைத்து அதைக் கொஞ்சம் நேராக்கி, இன்னும் நன்றாகச் சபையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

"பருத்திக்கொட்டை எண்ணெய்!" என்றேன். "நம்ம ஊரில் விளைகிற பருத்தி பெரும்பாலும் மரபணு மாற்றியது. அதன் கொட்டையில் ஆட்டிய எண்ணெய்தான் கடைப் பலகாரங்களில் புகுந்திருக்கிறது. ஏதாவது ஒன்று அளவுக்கு மீறி மொறுமொறுவென்று இருந்தால், உடனே சந்தேகப்படுங்கள்!"

நொறுக் சத்தம் நின்றது. அத்தனை பேரும் என்னைப் பார்க்கவில்லை, புரொஜெக்டருக்குக் கீழே பார்த்தார்கள். வங்கி மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டின்னில் இருந்ததை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்: "பத்தி கிஞ்சல நூனெ." பத்தி என்றால் பருத்தி, கிஞ்ச என்றால் கொட்டை, நூனெ என்றால் எண்ணெய். படிக்கத்தான் தெரியாதே தவிர, காதில் விழுந்தால் எனக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும். பாப்கார்ன் என் கண்ணெதிரே பருத்திக்காயாக வெடித்தது.

கடித்த முறுக்குகள் ஒவ்வொன்றாக டிஷ்யூ காகிதத்துக்குள் போயின. சுவரோரம் நின்றிருந்த கோமதி என்னைத் திட்டவில்லை, முறைக்கவில்லை. கையிலிருந்த தட்டை மட்டும் கீழே வைத்தாள்.

"ஆனால்!" என்று கத்தினேன். "ஆனால் இதில் நன்மைகளும் ஏராளம்! நிலா, அந்த ஸ்லைடைப் போடு! நன்மை ஸ்லைடு!"

"நுவ்வே டிலீட் சேயமன்னாவு கதா" என்றாள் மகள், கேள்வி கேட்பவர்களுக்காக வைத்திருந்த இரண்டாவது மைக்கில். (நீதானே அழிக்கச் சொன்னாய்.)

ஸ்லைடு இல்லாமலே பேசினேன். பூச்சிமருந்து அடிப்பது குறைந்தால் விவசாயியின் நுரையீரலுக்கு நல்லதில்லையா என்று கண்கலங்கினேன். பசித்த உலகத்துக்கு விளைச்சல் வேண்டாமா என்று முழங்கினேன். சைலஜாவைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தேன். நல்ல பெண், எழுந்து சொன்னாள்: "எண்ணெயைச் சுத்திகரிச்ச பிறகு அந்த மாத்தின புரதம் ஏறக்குறைய இருக்காது, பயப்பட வேணாம். ஆனா அங்கிள் முதல்ல சொன்ன விதைக் கவலை, பூச்சிக் கவலை எல்லாம் நிஜம்தான். பாக்கெட்ல என்னன்னு எழுதணும்னு கேக்கறதும் நியாயம்தான்." அவள் ஒருத்திதான் அன்று இரண்டு பக்கத்தையும் பேசினாள். நானும் இரண்டு பக்கமும் பேசினேன், ஆனால் ஒன்றை ஒன்று வெட்டுகிற மாதிரி.

"சார்," என்றார் தேவராஜ், "ஃபர்ஸ்ட் ஹாஃப்ல வில்லன், செகண்ட் ஹாஃப்ல ஹீரோ. நாங்க எந்த ஹாஃபை நம்பறது?"

சிரிப்பு அடங்கவே இல்லை. அதற்கு நடுவில் கோமதி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். டீச்சர் குரல் வந்தது. அவளுடைய தெலுங்கு என்னுடையதைவிடச் சுத்தம். "என்ன எண்ணெய்னு யார் கேட்டிருந்தாலும் நானே சொல்லியிருப்பேன். டின் இங்கதான் இருக்கு, நான் ஒளிச்சு வைக்கல. கடலை எண்ணெய்ல வேணும்னாலும் சுட்டுத் தாரேன். எது வேணும்னு நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டாள்.

ஆர்டர் போயிற்று. சங்கராந்திக்கு வழக்கம்போலப் பஜார்க் கடை சகினாலுவே வந்தது. அதை வாங்கிவரப் போன தேவராஜ், கடையின் பின்கட்டில் அதே பருத்திப் படம் போட்ட டின்கள் மச்சுவரை அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார். எல்லாரும் சகினாலுவை நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அந்தக் கடைக்காரருக்கு உரையாற்றுகிற உறவினர் யாரும் இல்லை.

பொங்கல் முழுக்கக் கோமதி எனக்கு மட்டும் கடைச் சகினாலுவையே தட்டில் வைத்தாள். பிறகு ஒருநாள் காலையில் இரண்டு தனித்தனி அடுப்புகளில் இரண்டு வாணலி ஏற்றினாள். ஒன்றில் கடலை எண்ணெய், ஒன்றில் பருத்திக்கொட்டை எண்ணெய். ஒவ்வொரு பாக்கெட்டிலும் எண்ணெயின் பெயரைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி ஒட்டினாள். இப்படி எழுதி விற்கிற ஆள் இந்தப் பக்கத்தில் யாருமில்லை என்பது மெல்லப் பரவியது. முதலில் சைலஜா வாங்கினாள், பிறகு வங்கி மேலாளர், பிறகு மற்ற அபார்ட்மென்ட்காரர்கள். இப்போது ஊரின் மறுகோடியில் இருக்கும் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்துகூட ஆர்டர் வருகிறது. "நான் தொழில் பண்ணுதேன்" என்று போனில் அவள் சொல்வது அடிக்கடி என் காதில் விழும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதில் என் பங்கு என்ன என்று கேட்கிற தைரியம்தான் இல்லை.

பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும், லோத்குண்டாவில் யாரும் கடலை எண்ணெய் முறுக்கு, பருத்தி எண்ணெய் முறுக்கு என்று கேட்பதில்லை. "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஒரு கிலோ, செகண்ட் ஹாஃப் ரெண்டு கிலோ" என்றுதான் ஆர்டர் சொல்கிறார்கள். செகண்ட் ஹாஃப்தான், அதாவது பருத்தி எண்ணெய்தான், அதிகம் ஓடுகிறது. மொறுமொறுப்பு என்கிறார்கள். வீட்டில் நான் அரசியலோ மருத்துவமோ எதைப் பற்றி வாயைத் திறந்தாலும், நிலா தலையைத் தூக்காமல், "டாடி, இது ஃபர்ஸ்ட் ஹாஃபா, செகண்ட் ஹாஃபா?" என்கிறாள்.

வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. புது டின் வாங்கிவருவதும் நான்தான். வாங்கியதும் கடை வாசலிலேயே நின்று, நிலா சொல்லிக்கொடுத்த தெலுங்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் தோளில் ஏற்றுகிறேன்.