ஒரு மணிக்குப் போகும் மின்சாரம்

அன்றும் சரியாக ஒரு மணிக்கு ரம்ப மெஷின் நின்றது. பாதி அறுபட்ட தேக்குப் பலகை, பல்லில் சிக்கிய கரும்பைப் போல அதன் வாயிலேயே நின்றது.

ஹபீப் ரகுமான் நெற்றியில் அடித்துக்கொண்டார். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பதாண்டு ஃபிட்டராக இருந்து, தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியப் பேசி, ஓய்வு பெற்றபின் வீட்டுக் கொல்லையில் தனியே தகரக் கொட்டகை போட்டு மரவேலைப் பட்டறை வைத்தவர் அவர். எந்த முதலாளிக்கும் அஞ்சாத அந்த மனிதரை இந்த ஒரு மணி அஞ்ச வைத்துவிட்டது.

அஞ்சக் காரணம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், போட்டித் தேர்வு எழுதும் பெண்களுக்கென்று ஒரு படிப்பகம் திறக்க இருந்தார்கள். "ஆடுத பிளாஸ்டிக் மேசையில உக்காந்து படிச்சா அறிவும் ஆடத்தான் செய்யும்! பன்னிரண்டு மர மேசை என் பொறுப்பு. இருபதாம் தேதி காலையில வந்து நிக்கும்!" என்று கூட்டத்தில் எழுந்து முழங்கியிருந்தார். கைதட்டல் இன்னும் காதில் ஒலித்தது. மேசைகள்தாம் மூன்றுக்கு மேல் எழும்பவில்லை.

விடுவிடென்று வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அதன் கீழே மனைவி மெகராஜ் பேகம் தட்டை வைத்துவிட்டு நின்றார்.

"வந்துட்டீகளா? கையக் கழுவுங்க."

"இங்க கரண்டு இருக்குதே!"

"இங்க எதுக்குப் போகுது? உக்காருங்க, சோறு ஆறுது."

"மொதல்ல போர்டைப் பாக்கணும்."

"ஈரக் கையோட கரண்டத் தொடப் போறீகளாக்கும்? சாப்பிட்டுட்டுப் பாருங்க."

சாப்பிட்டுவிட்டுப் பார்த்தார். அடுப்படிச் சுவரில், பட்டறைக்கென்று பிரித்து வைத்த சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கொட்டகைக்குப் போனார். ரம்பம் ஒன்றும் நடவாதது போலப் பாடியது.

வீட்டுக்கு வருகிறது; பட்டறைக்கு வரவில்லை. ஆகவே குற்றவாளி இடையில் உள்ள வயர்தான். தீர்ப்பு எழுதியாயிற்று. அதை நிறைவேற்ற, செட்டியார்பட்டியிலிருந்து எலக்ட்ரீஷியன் மாரீஸ்வரன் வந்தான்.

"அறுபது அடி தூரம், பாய். ரெண்டரை ஸ்கொயர் வயரு எம்புட்டுத்தான் தாங்கும்? செத்த நேரம் ஓடுனா சூடேறி ஜாயிண்ட் விலகுது. ஆறுனதும் ஒட்டிக்கிடுது."

"விலகி விலகி ஒட்டுததுக்கு அது வயரா, புருசன் பொஞ்சாதியாலே?"

"இன்னும் தடிச்சதா நாலு ஸ்கொயர் வயரு போட்டுருவோம், பாய்."

நாலு போட்டார்கள். மறுநாள் ஒரு மணிக்கு நின்றது.

"வெயிலுல தொங்குதுல்லா, அதான். ஆறு ஸ்கொயர் கேபிளா வாங்கி மண்ணுக்கடியில பதிப்போம்."

கொல்லையின் குறுக்கே பள்ளம் தோண்டினார்கள். மாரீஸ்வரனின் கடப்பாரை, மண்ணுக்கடியில் வீட்டுக் குடிநீர்க் குழாயைத் தேடிக் கண்டுபிடித்தது. இரண்டு நாள் மெகராஜ் அடுத்த வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். வேறொருத்தியாக இருந்தால் அந்தக் குடத்தாலேயே ஒன்று போட்டிருப்பாள். மெகராஜ் கேட்டதோ ஒன்றே ஒன்றுதான்.

"சோத்துக்கு மட்டும் நேரத்துக்கு வந்துருவீகள்ல?"

"கரண்டுதான் என்னைத் துரத்தி விட்டுருதே! வராம எங்க போவேன்?"

"இந்தக் கொஞ்ச நாளாத்தான் நீங்க கரெக்டா வாரீக," என்றார் மெகராஜ், பூரித்துப் போய்.

கேபிள் பதித்த மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று பதினொன்றே முக்காலுக்கே மெஷின் நின்றது. குளித்து, ஜும்ஆவுக்குப் போய்த் திரும்பி, சாப்பிட்டு எழுந்து பார்த்தால் கரண்டு இருந்தது.

மாரீஸ்வரன் குரலைத் தாழ்த்தினான். "பாய், கோவிச்சுக்கிடாதீக. போன வெள்ளிக்கிழமையும் இப்பிடித்தான் சீக்கிரமாப் போச்சு. உச்சி நேரம் வேற. காத்துக் கருப்பு ஏதும் இருக்கும். ஒரு தகடு எழுதி நெலையில அடிச்சம்னா…"

ஹபீப் ரகுமானுக்குள் உறங்கிக் கிடந்த மேடை விழித்துக்கொண்டது.

"ஏலே! படிச்சு மேல வரப்போற பொண்ணுகளுக்கு மேசை செய்யுத எடம்லே இது! இங்க வந்து தகடு அடிக்கச் சொல்லுதியா? பேய்க்குக் கெழம தெரியும்னு நீ நம்பு. செம்புக் கம்பிக்கு ஏதுலே வெள்ளிக்கிழமை? சோம்பேறி மூளையில பொறக்குததுதான் பேய்!"

முழக்கம் நியாயமானது. ஆயினும், செம்புக் கம்பிக்கு வெள்ளிக்கிழமை தெரிந்திருக்கிறதே என்ற உறுத்தல் அவர் நெஞ்சின் ஓரத்தில் இருக்கவே செய்தது.

முறையிட மின்வாரிய அலுவலகத்துக்குப் போனார். உதவிப் பொறியாளர் சிவரஞ்சனி பொறுமையாகக் கேட்டார். "வயர் போதும் சார். ஆனா வீட்டு இணைப்புல பட்டறை ஓட்டக் கூடாதே! அதுக்குக் கட்டணமே வேற. பட்டறைக்குத் தனி சர்வீஸ், தனி மீட்டர், தனி வாசல் வேணும்."

குற்றம் சாட்டப் போனவர் குற்றவாளியாகத் திரும்பினார். மதிலை இடித்துப் பின்தெருவில் வாசல் வைத்தார். கதவு வருவதற்குள் தெருவின் ஆடுகளெல்லாம் வந்து, இழைத்த பலகைகளின்மேல் படுத்து அசைபோட்டன. இணைப்பு வர ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை கை ரம்பத்தால் அறுத்தார், தோள் வீங்கியது. மெஷின் ஓசை இல்லாததால், "சாப்பிட வாங்க!" என்ற மெகராஜின் குரல் கொல்லை முழுதும் கேட்டது ஒன்றே ஆறுதல்.

பத்தொன்பதாம் தேதி காலை, பின்தெருக் கம்பத்திலிருந்து தனி லைன் வந்தது. மூன்று மேசை பாக்கி. மெஷினை ஓட்டினார். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டே முக்கால். ஹபீப் ரகுமான் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி வந்தது. ஒரு மணி போனது. ரம்பம் நிற்கவில்லை! இரண்டானது, மூன்றானது, பசி தெரியவில்லை. நாலரைக்குப் பன்னிரண்டாவது மேசையின்மேல் ஏறி நின்று பார்த்தார். அது இம்மியும் ஆடவில்லை.

வெற்றி வீரராக வீட்டுக்குள் நுழைந்தார். வாசற்படிக்கு அருகே மெகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடிவைத்த சோறு ஆறிக் கிடந்தது. அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

"மெகராஜ்! பன்னிரண்டும் முடிஞ்சிருச்சு! இன்னைக்கிப் பூரா கரண்டே போகல!"

"பேசாதீக. பட்டறைக்குத் தனி வாசல் வச்ச அன்னைக்கே நெனச்சேன். இனிமே எம் பேச்சு எதுக்கு ஏறும்? அம்புட்டு நேரம் கூப்பிட்டும் வராத மனுசன்!"

"நீ எப்ப கூப்பிட்ட? எனக்கு ஒண்ணும் கேக்கலயே!"

அடுப்படியிலிருந்து மருமகள் சப்ரீன் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, மாமியும் ஒரு மணியில இருந்து அந்தப் பட்டறை சுவிட்சை அணைச்சு அணைச்சுப் போட்டாக, புது லைன்ல உங்களச் சாப்பிடக் கூப்பிட எந்த சுவிட்சை அணைக்கணும்னு சொல்லாமப் போயிட்டீகளே!"